வட்டக் கிணறு

நேரான கற்களைக் கொண்டு வளைந்த சுவர் எழுப்புவது எவ்வாறு என்று வேறு எவரேனும் கேட்டிருந்தால், மேசன்மாரைக் கேளுங்கள் என்று சொல்லி நாம் நகர்ந்திருப்போம். எமது ஒன்பது வயதுப் பேரனிடம் அவ்வாறு தப்பிக்க இயலவில்லை.

கட்டாரில் தொழில் பார்க்கும் அவனுடைய தகப்பனார் அனுப்பிய சாமான் பெட்டியில், பால்மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் அடியில், லெகோ கட்டிகள் நிறைந்த வாளியொன்று இருந்தது. தலையில் குமிழும் அடியில் குழிவும் உள்ள பிளாஸ்டிக் கட்டிகள் அவை. ஒன்றன் குமிழ் மற்றதன் அடியில் இறுகப் பொருந்தும். டென்மார்க் தேசத்தில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலெ கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932இல் தொடங்கிய தொழில் இது. 1949இல் பிளாஸ்டிக் கட்டிகள் வந்தன. ஆயினும் அவை ஒன்றையொன்று உறுதியாகப் பற்றவில்லை. கட்டியின் வயிற்றுக்குள் குழாய்களை அமைத்தால் பிடிமானம் உண்டாகும் என்று கண்டு, 1958 ஜனவரி 28ஆம் திகதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அக்காலத்துக் கட்டி இன்றைய கட்டியோடும் பொருந்துமாம். எமது வீட்டுக் கதவொன்றின் தாழ்ப்பாளுக்குச் சென்ற வருடம் வாங்கிய கொளுவி பொருந்தவில்லை; அது வேறு விஷயம்.

ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கற்பிட்டிக் கோட்டையைப் பையன் ஒரே மாலையில் கட்டி முடித்துவிட்டான். நேர்ச்சுவர் நான்கு, மூலைக்கொரு கொத்தளம், அவ்வளவுதானே! மறுநாள் அதைக் கலைத்துவிட்டு, "அப்பா, நம்மட கிணத்தைக் கட்டப் போறேன்" என்றான். (பாட்டனாரை 'அப்பா' என்பது எமது வீட்டு வழக்கம்.)

அந்தக் கிணற்றின் சங்கதியை இங்கே சொல்லியாக வேண்டும்.

கற்பிட்டித் தீபகற்பம் ஒரு புறம் கடலும் மறுபுறம் களப்புமாக நீண்டு கிடக்கும் மணல். மணலில் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆதலால் சில அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் கிடைக்கும். எமது தகப்பனார் செங்கல்லால் கட்டுவித்த கிணற்றில் மூன்று தலைமுறையினர் குடித்தோம், குளித்தோம். சில மாதங்களுக்கு முன் வீட்டில் பெண் குழந்தையொன்று பிறந்தது. தண்ணீரைப் பரிசோதிப்பது நல்லது என்று மருத்துவமாது சொன்னார். பரிசோதித்தோம். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எமது கிணறு அதைத் தாண்டியிருந்தது. அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாய்ந்துவிடக்கூடும். கொதிக்க வைத்தாலும் பயனில்லை. நீர் வற்ற வற்ற நைத்திரேற்றின் செறிவு கூடத்தான் செய்யும்.

அது எங்கிருந்து வந்தது? கிணற்றுக்கு மேற்கே உள்ள வெங்காயத் தோட்டத்திலிருந்து. தோட்டம் எவருடையது? எம்முடையதுதான். மணல் உரத்தைத் தாங்கி வைப்பதில்லை. நாம் இட்ட யூரியாவை நாம் இறைத்த நீரே அடியில் கொண்டு சேர்த்தது. அந்த நீரையே நாம் மீண்டும் அள்ளினோம். மூடை மூடையாக எத்தனை வருடங்கள் இட்டோம் என்று எம்மைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது. வீட்டில் அதைப்பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

குழந்தை தவழும் முன்னர் கிணற்றைக் கொங்கிறீற்றுப் பலகையால் மூடிவிடுவது என்று தீர்மானித்தோம். பையனுடைய கவலை வேறு: "வாப்பா வரும்போது கிணறு இருக்காதே?"

நிற்க. நான்கு குமிழ்க் கட்டிகளை அவன் படிப்படியாக ஒதுக்கி அடுக்கினான். எட்டு மூலைப் பெட்டியொன்று வந்தது. அடித்தட்டில் ஒட்டாமல் நீளமாக அடுக்கி இருபுறமும் பிடித்து வளைத்தான். சற்றே வளைந்தது; மேலும் வளைக்கவே படீரெனத் தெறித்தது. "இது வளையுது இல்ல" என்று கண் கலங்கினான்.

நாம் எழுந்து சென்று, அறுபது வருடங்களுக்கு மேலாகப் பார்த்துக் கொண்டிருந்த கிணற்றை முதன்முறையாக உற்றுப் பார்த்தோம். செங்கல் ஒவ்வொன்றும் நேரானதே. உட்புறத்தில் கல்லும் கல்லும் ஏறக்குறைய முட்டிக் கொண்டிருந்தன. வெளிப்புறத்திலோ இடைவெளி விரிந்து, சாந்து ஆப்புப்போல் நிறைந்திருந்தது. மொகஞ்சதாரோவில் கிணற்றுக்கென்றே ஆப்பு வடிவில் கல் சுட்டார்கள். கீழடியில் சுடுமண் உறைகளை ஒன்றன்மேலொன்றாக இறக்கினார்கள். எமது தகப்பனாரின் மேசனுக்குக் கிடைத்தது நேர்க்கல். வளைவைச் சாந்திலே வைத்துவிட்டார்.

பிளாஸ்டிக்குக்குச் சாந்து ஏது? குமிழுக்குக் குமிழ் தூரம் 8 மில்லிமீற்றர். ஒற்றைக் கட்டியின் அகலம் 7.8. அடுத்தடுத்த கட்டிகளுக்கிடையே 0.2 மில்லிமீற்றர் மட்டுமே மிச்சம். சதுர மூலைகள் உடனே முட்டிக் கொள்கின்றன. மூலையே இல்லாத கட்டி வேண்டும் என்றோம். பையன் வாளியைக் கவிழ்த்து, ஒற்றைக் குமிழுள்ள உருண்டைக் கட்டிகளைப் பொறுக்கி எடுத்தான்.

இரு குமிழ்க் கட்டி ஒன்று, உருண்டை ஒன்று, மறுபடியும் இரு குமிழ்க் கட்டி: இவ்வாறு வரிசைக்கு எட்டும் எட்டும். அடுத்த வரிசையை ஒரு குமிழ் தள்ளித் தொடங்க வேண்டும். அதற்கடுத்ததை இன்னும் ஒரு குமிழ் தள்ளி. ஒவ்வொரு கட்டியும் குமிழை அச்சாகக் கொண்டு திரும்பும்; பக்கத்தில் இருப்பது உருண்டையாதலால் முட்டாது. இதில் ஒரு சங்கடம் உண்டு. இரண்டு வரிசை வரைக்கும் எல்லாம் துண்டு துண்டாகக் கையோடு வந்துவிடும். மூன்றாவது வரிசைதான் விட்டுப்போன இடங்களை இணைக்கிறது. அதுவரை எமது நடுங்கும் விரல்கள் ஒரு பக்கமும் அவனுடைய விரல்கள் மறுபக்கமுமாகப் பிடித்திருந்தோம். அஸர் தொழுகைக்குச் சற்றுத் தாமதமாகிவிட்டது. மூன்றாவது வரிசை முடிந்ததும் சுவர் தானாகவே நின்றது. வட்டத்தின் குறுக்களவு 6 சென்ரிமீற்றர். அதன் மேல் ஒன்பது வரிசை ஏற்றினான்.

அன்றிரவு கைத்தொலைபேசியில் தகப்பனாருக்குக் காட்டினான். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "கயிறு தேஞ்ச பள்ளம் எங்கே? படி இருக்கிற பக்கம்" என்றார். கப்பி பூட்டுவதற்கு முந்திய காலத்தில் கயிறு அறுத்த பள்ளம் அது. பையன் அதைக் கவனித்ததில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்தான். மேல் வரிசையில் ஓர் உருண்டையைக் கழற்றினான்.

பலகை வெள்ளிக்கிழமை வந்தது. நான்கு பேர் சுமந்து வைத்தார்கள். பிளாஸ்டிக் கிணறு விறாந்தை யன்னலில் இருக்கிறது.

"அப்பா, தண்ணிக்கு எந்த நிறம் போடுறது?" என்று கேட்டான். கையில் நீலக் கட்டி வைத்திருந்தான். எமது கிணற்று நீருக்கு நிறம் இருந்ததில்லை என்றோம். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் போடாமல் விட்டுவிட்டான்.