நதிமூலம்

ரிஷிமூலமும் நதிமூலமும் ஆராயலாகாது என்பார்கள் பெரியோர். பூவிருந்தவல்லிப் பக்கத்துப் பங்கு ஒன்றில் பணியாற்றும் என்னை, ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் நதிமூலம் ஆராய வைத்துவிட்டான்.

மாலை வேளைகளில் மாணவர் சிலருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். அன்று இமயத்து நதிகள். சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆகிய மூன்றும் கயிலை மானசரோவர் வட்டாரத்தில் பிறந்து திசைக்கொன்றாய்ப் பிரிவதை வரைந்து காட்டினேன். இமயம் எழும்புமுன்பே ஓடியவை அவை. மலை உயர உயர, அதை அறுத்து வழி கண்டவை. கங்கையோ, பாகீரதியும் அலக்நந்தாவும் தேவப்பிரயாகையில் கூடிய பின்னரே அப்பெயர் பெறுகிறது. 2,525 கிலோமீட்டர் ஓடுகிறது. பனியும் மழையும் ஊட்டுவதால் இவை வற்றுவதில்லை. சொல்லச் சொல்ல எனக்கே பெருமிதம்.

"ஃபாதர், நம்ம கூவம் எந்த மலையில பொறக்குது?" என்றான் அவன்.

நான் சிரித்துவிட்டேன். "அது ஆறில்லை தம்பி, சாக்கடை."

அவன் தலைகுனிந்தான். "2015-ல அந்தச் சாக்கடைதான் எங்க வூட்டுக்குள்ள வந்துச்சாம். ஆயா சொல்லும்."

திருவேற்காட்டுக்கு அருகே ஆற்றோரம் குடியிருக்கும் குடும்பம் அது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காணாத கங்கையின் நீளம் தெரிந்த எனக்கு, நாள்தோறும் பாலத்தில் கடக்கும் ஆற்றின் பிறப்பிடம் தெரியவில்லை. தெரியாததை ஒப்புக்கொள்ளாமல் ஏளனத்தால் மறைத்தேன். ஒரு பிள்ளையின் வீட்டுத் துயரை மிதித்தேன்.

மழை ஓய்ந்த ஒரு மார்கழிக் காலையில் கேசாவரம் அணைக்கட்டுக்குச் சென்றேன். கொசஸ்தலையாற்றின் நீர் அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பூண்டி வழியாக எண்ணூரை நோக்கிச் செல்கிறது. மற்றொன்று கூவமாகி, நேப்பியர் பாலத்தருகே கடலை அடைகிறது. அங்கே ஓடியது தெளிந்த நீர். நகரை நெருங்க நெருங்க நாம்தாம் அதைக் கருக்குகிறோம்.

மேலும் தேடினேன். கொசஸ்தலையாற்றுக்குக் காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீர் வருகிறது. அந்த ஏரிக்குப் பாலாற்று நீர். பாலாறு பிறப்பதோ கருநாடகத்து நந்தி மலையில். ஆக, கூவத்துக்கும் ஒரு மலை உண்டு! 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்துக்கு 1996-இல் கிருஷ்ணா நீரும் வந்து சேர்ந்தது. 'தெலுங்கு கங்கை' என்பது திட்டத்தின் பெயர். அதில் வருவதோ மகாராஷ்டிரத்து மகாபலேசுவரத்தில் பிறந்த ஆற்றின் நீர். நம் குவளை நீருக்குள் எத்தனை ஊர்களின் மழை!

மறுவாரம் பிள்ளைகள் அனைவர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறர் குற்றங்களைக் கேட்டுப் பழகிய எனக்கு, என் குற்றத்தைச் சொல்வது எளிதாயில்லை. அவன் ஒன்றும் பேசாமல் நீலப் பென்சிலை எடுத்து, இந்தியப் படத்தின் கிழக்குக் கரையில் மெல்லிய கோடொன்று இழுத்தான். கீழே 'கூவம் ஆறு' என்று எழுதினான்.

வாசக அன்பர்களே, உங்கள் ஊர் ஆறு எங்கே பிறக்கிறது என்று உங்கள் பிள்ளை கேட்டால், சிரிக்காதீர்கள்.