திறவாத சிப்பி

தூத்துக்குடித் துறைமுகத்தின் ஓரமாக ஒரு மாலையில் நடந்துகொண்டிருந்தோம். கல்லின் பாரத்தால் ஆழத்தில் இறங்கி, மூச்சை அடக்கி, முன்னோர் முத்துச் சிப்பி அள்ளிய கடல் இது. 1961ஆம் ஆண்டோடு அக்குளிப்பு நின்றுபோயிற்று. அந்நாளில் சிப்பிகளைத் திறவாமலே கரையில் ஏலம் விடுவர். வாங்குவோர் நம்பிக்கையின்பேரில்தான் விலை கொடுப்பர்.

விளையாட்டைக் காண்போர் நிலையும் அதுவே. 2019 ஏப்ரலில் தோஹா நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், திருச்சி மாவட்டத்துக் கோமதி மாரிமுத்து 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றபோது, நம் வீட்டுப் பெண்ணே வென்றதாக அகமகிழ்ந்தோம். பின்னர் சோதனையில் ஊக்கமருந்து தென்பட்டது. 2020இல் பதக்கம் பறிக்கப்பட்டு, நான்காண்டுத் தடையும் விதிக்கப்பட்டது. தாம் அறிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்றார் அவர்.

அவர் உள்ளத்தை நாம் அறியோம், தீர்ப்பிடவும் முற்படோம். நம்மை வருத்துவது வேறு. இன்று எவர் வென்றாலும், "என்ன மருந்தோ?" என்றே நாவில் வருகிறது. அதோ, மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகும் மீனவச் சிறுவன் நாளை வென்றால், அவன்மீதும் அந்த ஐயம் விழுமன்றோ?

சிப்பி வெறுமையாயிருந்தால் நட்டம் ஒருவருக்கே. போலி முத்து புகுந்தாலோ சந்தையே கெடும். பெற்றோரே, பிள்ளைகள் தோற்றுத் திரும்பினாலும், தம் சொந்த மூச்சால் ஓடித் திரும்பினால் மகிழ்ந்து வரவேற்பீர்!