பதிவேட்டில் ஒரு சொல்

தேதி குறிப்பதில்தான் எங்கள் வேலை தொடங்குகிறது. மன்றத்தின் நிதியாண்டு மார்ச் 31இல் முடியும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டித் தணிக்கை முடிந்த கணக்கை வைத்துவிட வேண்டும். ஆறு மாதம் தாராளம் என்று தோன்றும். காலண்டரைப் பிரித்தால்தான் தெரியும். அமாவாசை ஆகாது, மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சலுக்குப் போகிற கூட்டத்தில் செஞ்சிப் பக்கத்துப் பேருந்துகளில் கால் வைக்க இடமிருக்காது. கோடைத் தொடக்கத்தில் மேல்சித்தாமூர்த் தேர். ஆடி முழுக்க ஊருக்கு ஊர் கூழ் ஊற்றுவார்கள். ஆவணியில் முகூர்த்தங்கள். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றம், அதையொட்டிச் சமணர்களின் தசலட்சண நோன்பு. ரம்ஜான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். மல்லாட்டை பிடுங்குகிற வாரமென்றால், நாங்கள் கூடும் தளவானூரில் ஊர்க்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். இவ்வளவையும் கழித்தால் மிஞ்சுவது ஆனியில் ஒன்றோ இரண்டோ ஞாயிற்றுக்கிழமை. ஏப்ரலிலேயே அதைப் பிடித்துவிடுவேன்.

செஞ்சி வட்டாரத்துச் சமயங்களின் வரலாற்றைப் படிப்பதற்கென்று இருக்கும் சின்ன மன்றம் எங்களுடையது. பதினேழு வருடமாக நான் செயலாளர். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தபோது ஏற்றுக்கொண்டது, ஓய்வு பெற்ற பிறகும் என்னிடமே நிற்கிறது. உறுப்பினர்களில் திருமுறை வகுப்பு நடத்தும் பெரியவர் உண்டு. வளத்தி, விழுக்கம் பக்கத்து நயினார்கள், அதாவது தமிழ்ச் சமணர்கள், உண்டு. செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலின் பாரசீகக் கல்வெட்டைப் படிப்பதற்காகவே அந்த மொழியைக் கற்றுக்கொண்ட பாய் ஒருவர், பாதிரிமார் கடிதங்களைத் தேடிப் படிக்கும் ஆசிரியை, எந்தச் சாமியையும் கும்பிடாத கல்லூரி விரிவுரையாளர்கள் சிலர். இத்தனை பேரையும் ஒரு நாள் முழுக்க ஒரே கூரையின் கீழ் உட்கார வைப்பது என் பொறுப்பு.

தளவானூரில் ஏன் கூடுகிறோம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். குகைதான் காரணம். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேசுவரம். தெற்குப் பார்த்த முகப்பு. தூண்களுக்கு மேலே மகர தோரணம். உள்ளே போனால் கருவறை நேர் எதிரே இருக்காது. மேற்குச் சுவரில், கிழக்கு பார்த்து இருக்கும். முதல் தடவை வருகிறவர்கள் அங்கேதான் ஒரு நொடி தடுமாறி நிற்பார்கள். பக்கத்து மண்டகப்பட்டிலும் அவன் குடைவித்த குகை இருக்கிறது: செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் எடுத்ததாக அவனே கல்வெட்டில் சொல்லிக்கொள்வது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாகப் பாறையில் அமர்ந்திருக்கிறார்கள். அங்கேதான் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட செய்தி வெட்டப்பட்டிருக்கிறது. சிங்கவரத்தில் அரங்கநாதர் குகை. ஒரு நாளில் சுற்றி வந்துவிடக்கூடிய தூரத்தில் இவ்வளவு இருக்கும்போது, இவற்றைப் படிப்பவர்கள் நகரத்து விடுதி அரங்கில் ஏன் கூட வேண்டும்?

குகை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கே பந்தல் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, அடுப்பு கிடையாது. காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். கூட்டமும் சாப்பாடும் ஊருக்குள். இதில் என் ஏற்பாடு ஒன்று. முதல் அரைமணி நேரம் கும்பிடுகிறவர்களுக்கு. கற்பூரம் கூடாது, பூப் போடலாம், பதிகம் பாடலாம். அதுவரை மற்றவர்கள் வெளியே மர நிழலில் நிற்பார்கள். அதன் பிறகுதான் அளவு நாடாவும் கேமராவும் உள்ளே போகும். அப்போது கும்பிட்டவர்களும் கூடவே நின்று பார்ப்பார்கள். ஆரம்ப காலத்தில் இரண்டும் ஒன்றாக நடந்தது. பாடிக்கொண்டிருந்தவரின் முகத்துக்கு முன்னால் ஒருவர் நாடாவை நீட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த வருடமே நேரத்தைப் பிரித்தேன்.

சாப்பாட்டை யாரிடமும் விடமாட்டேன். வெங்காயம், பூண்டு இல்லை. மண்ணுக்குக் கீழே விளைவது எதுவும் இல்லை; உருளை, முள்ளங்கி, கேரட் எல்லாம் போய்விடும். பூசணிக்காய், அவரைக்காய், வாழைக்காய் இருக்கும். நயினார்களுக்கென்று தனிப் பந்தி போட்டால் வேலை சுலபம்தான். ஆனால் தனிப் பந்தி போட்ட கூட்டத்தில் பிற்பகல் விவாதமும் தனித்தனிப் பந்தியாகத்தான் நடக்கும். எல்லோருக்கும் ஒரே சமையல். பொழுது சாய்வதற்குள் சிற்றுண்டியும் முடிந்துவிட வேண்டும், அவர்கள் இருட்டிய பின் உண்பதில்லை. ஆகவே கடைசி உரை நீளும்போது நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, மேற்கே பார்க்கிறேன்.

கணக்கு வழக்கு பற்றிச் சொல்ல அதிகமில்லை. சந்தா ரசீது, வங்கியில் இரண்டு கையெழுத்து, ஆடிட்டர், பிறகு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல். ஒருமுறை தாமதமாகி அபராதம் கட்டினோம். அதன் பின் ஏப்ரல் முதல் வாரத்திலேயே ரசீதுக் கட்டுகளை ஆடிட்டர் மேசையில் வைத்துவிடுகிறேன்.

என்னைத் தூங்கவிடாதது சொற்கள். அழைப்பிதழில் அச்சாகிற தலைப்பு, தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிற வாக்கியம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் ஆய்வாளர் கட்டுரை தந்தார். தலைப்பு, ‘மகேந்திரவர்மன் சைவனான கதை’. அப்படியே அழைப்பிதழில் போட்டு அனுப்பினேன். மறுநாள் திருமுறைப் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். அந்த ஆண்டுக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். “அப்பர் பெருமான் பட்டதெல்லாம் கதையா தம்பி?” என்றார். குரல் உயரவில்லை. அதுதான் என்னை வருத்தியது. ‘வரலாறு’ என்று மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே வளத்தி நயினார் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். “மாத்தப் போறீங்கன்னு சொன்னாங்க சார். கதைன்னே இருக்கட்டும். வரலாறுன்னு போட்டா, எங்காளுங்க ஒருத்தரைச் சுண்ணாம்புக் காளவாய்ல போட்டதும் வரலாறுன்னு நாங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்.”

இருவர் சொன்னதும் சரி. பிழை என்னுடையது, தலைப்பை ஆறப்போட்டுப் படிக்காமல் அச்சுக்குக் கொடுத்திருந்தேன். கட்டுரை அந்த ஆய்வாளருடையது, நானாகத் திருத்த எனக்கு உரிமையில்லை. அவரிடமே பேசினேன். இரண்டு நாள் கழித்து அவரே ‘மகேந்திரவர்மனும் சைவமும்: மூன்று சான்றுகள்’ என்று எழுதி அனுப்பினார். கூடவே ஒரு குறிப்பு: கதை என்றால் சொல்லிக்கொண்டே போகலாம், சான்று என்றதும் கட்டுரையை முதலிலிருந்து எழுத வேண்டியதாகிவிட்டது என்று.

அந்த மூன்றையும் அவர் வைத்த முறை நன்றாக நினைவிருக்கிறது. முதலாவது, திருச்சி மலைக்கோட்டை மேற்குகைக் கல்வெட்டு: மாறுபட்ட நெறியிலிருந்து திரும்பியதை லிங்கத்தோடு சேர்த்துப் பேசுவது. மாறுபட்ட நெறி சமணமா என்பதைக் கல்வெட்டு சொல்வதில்லை. இரண்டாவது, பெரியபுராணம்: பல்லவ அரசன் ஒருவன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து அந்தக் கல்லைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான் என்பது. சேக்கிழார் அரசன் பெயரை மகேந்திரன் என்று சொல்லவில்லை. குணபரன் மகேந்திரனுடைய விருதுப்பெயர் என்பதால் இணைக்கிறோம். சேக்கிழார் இருந்தது பன்னிரண்டாம் நூற்றாண்டில். மூன்றாவது, நாங்கள் காலையில் நின்றுவிட்டு வந்த தளவானூர்க் குகையே: சிவனுக்குக் கோயில் எடுத்ததைச் சொல்கிறது, மதம் மாறியது பற்றி எதுவும் சொல்வதில்லை.

பாடலிபுத்திரம் என்பது இன்றைய திருப்பாதிரிப்புலியூர். சர்வநந்தி என்ற சமண முனிவர் லோகவிபாகத்தை 458இல் எழுதி முடித்த ஊர். அதே ஊரில் இருந்த ஞானியார் அடிகளின் ஊக்கத்தால் 1905இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் பிறந்தது. மறைமலையடிகள் அதற்குச் செயலாளராக உழைத்தார். ஊர் ஊராக ஆண்டு மாநாடு நடத்திய அமைப்பு அது. மைக் இல்லாத, செல்போன் இல்லாத அந்தக் காலத்தில் கடிதத்தாலும் ரயிலாலும் அதை நடத்தியவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறையும். ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரே நெறியினர். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

எங்கள் சிக்கல் எங்களுக்கு மட்டும் வந்ததில்லை என்பதைப் பின்னால் படித்தேன். சமய வரலாற்று ஆய்வுக்கென 1950இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பன்னாட்டுச் சங்கம் தொடங்கினார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநாடு. 1960இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் கூடியபோது, சமயத்தை ஆராய்வது வேறு, சமயத்தை வளர்ப்பது வேறு என்று அறிக்கை எழுதி அறிஞர்கள் கையெழுத்திட வேண்டியிருந்தது. அந்தப் பிரிப்பை நானும் மதிக்கிறேன். எங்கள் பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதிவந்தேன்: ஆய்வாளர் பேசினால் ‘கருத்து’, பக்தர் பேசினால் ‘நம்பிக்கை’.

கூட்டத்தன்று பிற்பகல் விவாதம் சூடேறியது. ஐந்நூறு வருடம் கழித்து எழுதியதை எப்படிச் சான்றாக எடுப்பது என்று நயினார் கேட்டார். பெரியவர் தலைவர் இருக்கையிலிருந்தே பதில் சொன்னார். கல்வெட்டு பேசாததால் ஒன்று நடக்கவில்லை என்றாகிவிடாது. சேக்கிழாருக்கு முன் அந்தச் செய்தியை யார் காத்து வந்தார்கள் என்று தேடாமல் காலத்தை மட்டும் எண்ணிக் கழிக்கக் கூடாது. குணபரன் என்ற பெயர் புராணத்துக்குள் எப்படி வந்தது, அதற்கு விடை சொல்லுங்கள் என்றார். யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்களோ, அவர் தன்னைப் பார்த்துச் சிரித்ததாகவே எடுத்துக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். நன்றியுரை தலைவர் இல்லாமல் நடந்தது.

அவர் போனதை எழுதவா, விடவா? எழுதினேன்: ‘தலைவர் பிற்பகல் நான்கு மணிக்கு விடைபெற்றார்.’ சிரிப்பை எழுதவில்லை. விவாதத்தை முழுமையாக எழுதினேன். யார் எந்தச் சான்றை வைத்துப் பேசினார்கள் என்று. பேசியவர் தம் பேச்சைப் படிக்கும்போது ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று சொல்ல வேண்டும், எதிர்த்தவரும் ‘ஆமாம், இதைத்தான் சொன்னார்’ என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டும் அமைய மூன்று தடவை அடித்து எழுதினேன். அமைந்துவிட்டது என்றே நினைத்தேன்.

தலைவர் கையெழுத்து இல்லாமல் பதிவு முழுமையாகாது. பத்து நாள் விட்டு, புத்தகத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் இருந்தார். “வாங்க தம்பி” என்றதோடு சரி. அவர் வீட்டம்மா மோர் கொண்டுவந்தார். “கண்ணு சரியா தெரியலை. படிங்க” என்றார்.

படித்தேன். நயினார் சொன்னதை நான் எழுதியிருந்த இடத்தில், “சரியா எழுதியிருக்கீங்க” என்றார். தன்னுடைய பகுதி வந்தது. ‘தலைவர், பெரியபுராணச் செய்தி உண்மையே என்ற தம் நம்பிக்கையை வெளியிட்டுப் பின்வருமாறு கூறினார்’ என்று படித்தேன்.

கையைத் தூக்கினார். நிறுத்தினேன்.

“நான் அன்னிக்கு நம்பிக்கை சொல்லலை தம்பி. நம்பிக்கையைக் காலையிலேயே குகையில சொல்லி முடிச்சிட்டேன். கூட்டத்துல நான் சொன்னது வாதம். தப்பா இருந்தா உடைக்கட்டும். ஆனா அதுக்கு வாதம்னுதான் பேரு.”

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, மேலே ‘வாதத்தை முன்வைத்து’ என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன். அன்றிரவு பழைய புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். எத்தனையோ பேரை அந்த ஒரு சொல்லுக்குள் தள்ளியிருந்தேன். கையெழுத்தானவற்றைத் திருத்த வழியில்லை. அடுத்த ஆண்டிலிருந்து எழுதுவதில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் கை நிற்கிறது.

திண்ணையில் அவர் புத்தகத்தை வாங்கி, மடியில் வைத்து, அடித்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தேதி கேட்டுக் கையெழுத்துப் போட்டார்.

“டிபன் சாப்பிடாமலே வந்துட்டேன் அன்னிக்கு,” என்றார். “என்ன பண்ணியிருந்தீங்க?”

“அரிசி உப்புமாவும் தேங்காய்ச் சட்னியும், ஐயா.”

“நயினார் சாப்பிட்டாரா?”

“பொழுது சாயறதுக்கு முன்னாடியே சாப்பிட்டுட்டார்.”

“சரி,” என்று புத்தகத்தை மூடித் தந்தார்.