இணைய இணைப்பிலும் பிறர் ஹக் உண்டு



தஜ்வீத் கற்போருக்குக் காதே முதல் ஆசான். ஸீனுக்கும் ஸாதுக்கும் உள்ள வேறுபாடு மெல்லியது. எழுத்து மாறினால் பொருளும் மாறிவிடும். மாலையில் நான் நடத்தும் இணையவழி வகுப்பில், "உஸ்தாத், உங்கள் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது" என்று மாணவர்கள் சில நாள்களாகக் கூறிவந்தனர். நான் ஓதிக்காட்டிய ஸாத் அவர்களை முழுமையாகச் சென்றடையவில்லை.

கூடுதல் பணம் கட்டி வேகத்தை உயர்த்தலாம் என்றனர் வீட்டார். அதற்குமுன் இருக்கும் வேகம் எங்கே செல்கிறது என்று பார்ப்பதே முறை. விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'நெட்வொர்க்' என்ற தலைப்பைச் சொடுக்கினால், இணைப்பை மிகுதியாகப் பயன்படுத்தும் நிரல் மேலே வந்து நிற்கும். எங்கள் கணினியில், மகனின் கல்லூரிக் காணொளிகளை இணையச் சேமிப்பகத்திற்கு ஏற்றும் நிரலே முதலிடத்தில் இருந்தது.

குரல் மட்டும் செல்ல நொடிக்கு 100 கிலோபிட் போதும். ஆனால் பல இணைப்புகளில் பதிவேற்ற வேகம், பதிவிறக்க வேகத்தைவிடக் குறைவு. ஒரு நிரல் அதை முழுவதும் அடைத்துக்கொண்டால், சிறிய குரலும் வரிசையில் காத்துக் கிடக்க நேரிடும்.

விவரம் சொன்னதும், பதிவேற்றத்தை இஷாவுக்குப் பின் வைத்துக்கொள்வதாக மகனே முன்வந்தான். அந்த நிரலின் அமைப்பிலேயே வேக வரம்பும் விதித்தோம். விண்டோஸ் மேம்படுத்தல்கள் எடுக்கும் வேகத்தை 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' பகுதியில் கட்டுப்படுத்தலாம். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணையும்போது 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்பதை இயக்கினால், பின்னணிப் பதிவிறக்கங்கள் பெருமளவு குறையும். பாதுகாப்பு மேம்படுத்தல்களை மட்டும் ஓய்வான நேரத்தில் தவறாமல் நிறுவிவிட வேண்டும்.

அமைப்புகளில் உள்ள 'டேட்டா யூசேஜ்' பகுதி, கடந்த 30 நாள்களில் எந்த நிரல் எவ்வளவு எடுத்தது என்று காட்டும். இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்பதும் தெரியுமா?" என்றார். தெரியாது, இந்தக் கணக்கிற்கு அது தேவையுமில்லை. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை சூரா அல்ஹுஜுராத் தடுக்கிறது. பிள்ளைகளுடன் அமர்ந்து பேசி நெறிப்படுத்துவது பெற்றோரின் கடமை. பங்கீட்டுக் கணக்கை அவர்களை வேவு பார்க்கும் கருவியாக்குவது முறையன்று.

ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது என்பது நபிகளார் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. 'அன்லிமிடெட்' திட்டமும் அத்தகைய ஆறுதான். அளவு தீராது என்பதற்காக, அதே நேரத்தில் அதே வீட்டில் ஒருவர் ஓதவும் மற்றொருவர் படிக்கவும் வேண்டிய பங்கை நாம் எடுத்துக்கொள்ளலாகாது. அந்தப் பங்கு நம்மிடம் உள்ள அமானத்.