காப்பவர் ஒருவர், உடையவர் ஒருவர்

பங்குகள் வாங்குவோர் நம்மவருள் இன்று பெருகியுள்ளனர். வாங்கிய பங்குக்கு அதன்பின் என்னென்ன நேர்கிறது என்று கவனிப்போர் சிலரே. டீமேட் கணக்குத் தொடங்கும்போது பக்கம் பக்கமாக அச்சிட்ட நிபந்தனைகளை ஏற்றுக்கொள்கிறோம். அவற்றுள் ‘கார்ப்பரேட் ஆக்‌ஷன்’ என்றொரு தொடர் வரும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு சேர்க்கும் குடும்பங்கள் அதன் பொருளை அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

ஒரு கம்பெனி தன் பங்குகளைப் பற்றியும் பங்குதாரரைப் பற்றியும் எடுக்கும் முடிவுகளுக்கே அப்பெயர். ஈவுத்தொகை வழங்குதல், போனஸ் பங்கு அளித்தல், ஒரு பங்கைப் பலவாகப் பிரித்தல், உரிமைப் பங்கு வெளியிடுதல், தன் பங்கைத் தானே திரும்ப வாங்குதல், வேறு கம்பெனியோடு இணைதல் ஆகிய யாவும் இதில் அடங்கும். இவற்றுக்கு உரியவர் யார் என்பதை நிர்ணயிக்க ஒரு பதிவு நாள் குறிக்கப்படும். 2023 ஜனவரி இறுதி முதல், வாங்கிய பங்கு மறு வேலைநாளில்தான் நம் கணக்கில் சேர்கிறது. ஆகையால் பதிவு நாளன்று வாங்குபவருக்கு அந்த வரவு கிட்டாது. ஒரு வேலைநாளேனும் முந்திக்கொள்ள வேண்டும்.

இம்முடிவுகள் இரு திறத்தன. முதல் திறம், நாம் கேளாமலே வந்து சேர்வது. நம் ரயில்வேயைச் சார்ந்த ஐ.ஆர்.சி.டி.சி. 2021 அக்டோபரில் 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒவ்வொரு பங்கையும் 2 ரூபாய்ப் பங்குகள் ஐந்தாகப் பிரித்தது. 20 பங்கு உடையவர் கணக்கில் அவை தாமே 100 ஆயின. விலையும் அதற்கேற்பக் குறைந்தது. நம் அலுவலக நண்பர் ஒருவர் அன்று காலை கைபேசியில் விலையைக் கண்டு, பணமெல்லாம் போயிற்றென்று தலையில் கைவைத்துவிட்டார். எண்ணிக்கையைப் பார்த்த பிறகே அவருக்கு உயிர் வந்தது.

இரண்டாம் திறம், நாம் வாய் திறந்து விடை சொன்னாலன்றிக் கிட்டாதது. 2020இல் ரிலையன்ஸ் கம்பெனி 15 பங்குக்கு ஒன்று வீதம் 1,257 ரூபாய் விலையில் உரிமைப் பங்கு வெளியிட்டது. சந்தை விலை அதனினும் மிகுதியாக இருந்தது. அந்த உரிமை தனியாகவே டீமேட் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. வேண்டுவோர் பணம் கட்டலாம். வேண்டாதோர் அவ்வுரிமையைச் சந்தையில் விற்கலாம். மே 29ஆம் நாளோடு விற்பனையும், ஜூன் 3ஆம் நாளோடு விண்ணப்பமும் முடிந்தன. இரண்டும் செய்யாது வாளாவிருந்தோரின் உரிமை காலாவதியாயிற்று.

‘பங்கைக் காப்பவர் இதையெல்லாம் பார்த்துக்கொள்ள மாட்டாரா?’ என்று அன்பர்கள் கேட்கலாம். இங்கேதான் சட்டத்தின் நுட்பத்தை உணர்தல் வேண்டும். 1996ஆம் ஆண்டின் டெபாசிட்டரிச் சட்டப்படி, பதிவேட்டில் உரிமையாளராக நிற்பது டெபாசிட்டரி. ஆயினும் அதற்கு வாக்கும் இல்லை, வருவாயும் இல்லை. பயன்பெறும் உரிமையாளராகிய நமக்கே எல்லா உரிமையும், எல்லாப் பொறுப்பும் உண்டு. பெருமுதலீட்டாளருக்காகப் பங்குகளைக் காக்கும் நிறுவனங்களுக்கும் 1996இலேயே செபி விதிகள் வகுத்தது. வரும் பயன்களைத் திரட்டுவதும், கம்பெனியின் முடிவுகளை வாடிக்கையாளருக்குத் தெரிவிப்பதும் அவற்றின் பணி. ‘ஆம்’, ‘வேண்டா’ என்னும் விடையோ உடையவர் தருவது. ஸ்டேஷன் கிளோக் ரூமில் பெட்டியை ஒப்படைத்துச் சீட்டு வாங்குகிறோம். பெட்டிக்குக் காவல் உண்டு. அதற்காக நம் பெட்டியைத் திறந்து, எதை எடுப்பது எதை வைப்பது என்று அங்குள்ள ஊழியர் முடிவு செய்வாரா?

ஊர்விட்டு ஊர் மாறும் நம் போன்றோர்க்கு இதில் தனி இடர் ஒன்றுண்டு. கம்பெனியின் செய்தி நாம் கொடுத்த முகவரிக்கே வரும். நமக்குத் தெரிந்த அம்மையார் ஒருவரின் கணவர் காகிதப் பத்திரங்களாகச் சில பங்குகள் வாங்கிவைத்துக் காலமானார். முகவரியோ மூன்று மாற்றல்களுக்கு முன் குடியிருந்த குவார்ட்டர்ஸுடையது. ஈவுத்தொகைக் காகிதங்கள் அங்கே சென்று திரும்பின. தொடர்ந்து ஏழாண்டுகள் ஈவுத்தொகை கேட்பாரற்றுக் கிடந்தால், அத்தொகையோடு பங்குகளும் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்கு மாற்றப்பட வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம். அவ்வாறே மாற்றப்பட்டன. பின்னர் வரும் போனஸ் முதலியனவும் அங்கேயே சேரும். மகள் திருமணத்துக்கு அந்த அம்மையார் வட்டிக்குக் கடன் வாங்கிய ஆண்டில், அவருக்குரிய செல்வம் நிதியத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. உரியவர் விண்ணப்பித்து மீட்கச் சட்டம் இடந்தருகிறது. ஆயினும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய கையொப்பம், பெயரின் எழுத்து வேறுபாடு என்று ஒவ்வொன்றாய்க் கேட்க, அவர் ஈராண்டு அலைந்தே மீட்டார்.

ஆகவே அன்பர்களே, மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும் ரேஷன் அட்டையையும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றையும் நினைப்பது போல் இதையும் நினையுங்கள். டீமேட் கணக்கில் முகவரி, கைபேசி எண், வங்கிக் கணக்கு ஆகியவை இன்றைய நிலைக்கு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வாரிசு நியமனத்தைப் பதிவு செய்யுங்கள். பழைய டிரங்குப் பெட்டிகளில் காகிதப் பத்திரம் இருப்பின் எடுத்து, டீமேட்டாக மாற்ற முயலுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன பங்கு எங்குள்ளது என்பதை ஒரு தாளில் எழுதி மனைவி மக்களிடம் சொல்லிவையுங்கள். கணவரும் மனைவியும் சேர்ந்தமர்ந்து செய்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலைதான் இது.