வடபுலக் குருவியும் நம் குளத்தங்கரை முட்புதரும்

சங்கரன்கோவில் என்றவுடன் வெளியூர் அன்பர்களின் நினைவுக்கு வருபவை ஆடித்தபசுத் திருவிழாவும், சந்தையில் குவியும் மல்லிகையும் பிச்சியும், தெருத்தெருவாக ஓயாது ஒலிக்கும் விசைத்தறிகளுமே ஆகும். மேற்கே நீலமாய்த் தெரியும் மலைத்தொடர். கிழக்கே கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல். இடையிடையே மழையை நம்பி வாழும் குளங்கள். 2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்துவிட்ட இவ்வூருக்குப் பறவை காண்பதற்கென்று எவரும் வருவதில்லை.

பறவை காண விரும்பும் நம் குடும்பங்கள் தை மாதத்தில் வண்டி அமர்த்திக் கூந்தன்குளம் செல்வது வழக்கம். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022-இல் உலகச் சிறப்புடைய ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்ற ஊர் அது. கூழைக்கடாக்களும் பூநாரைகளும் அங்கே கண்ணுக்கு விருந்தளிக்கும். நாமும் மறைக்கல்வி மாணவரை அழைத்துக்கொண்டு சென்று மகிழ்ந்திருக்கிறோம். ஆயினும், வாசக அன்பர்களே, இம்முறை நாம் சொல்லவிருப்பது வேறொரு பயணம். ஒன்றரைப் பவுன் எடைக்கு மேற்படாத ஒரு சிறு குருவியைத் தேடி, ஊருக்கு அரைக்கல் தொலைவிலுள்ள குளத்தங்கரைக்கு நாம் மேற்கொண்ட பயணம் அது.

சென்ற ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில், திருப்பலி முடிந்ததும் ஒரு தாயார் தம் கைப்பேசியுடன் நம்மிடம் வந்தார். அவருடைய மகன் பின்லாந்து நாட்டில் மேற்படிப்புப் படிக்கிறார். அவர் அனுப்பியிருந்த படமொன்றை நமக்குக் காட்டினார் தாயார். நள்ளிரவு, ஆயினும் இருள் இல்லை. கோடைக் காலத்தில் அந்நாட்டில் இரவு முழுவதும் மங்கிய வெளிச்சம் நிலவும். பஞ்சு போன்ற வெண்பூக்கள் ஆடும் பரந்த சதுப்பு நிலம்; அதன் விளிம்பில் பூர்ச்ச மரக்கன்றுகளும் புதர்களும். அப்புதருக்குள்ளிருந்து கண்ணுக்குத் தெரியாத பறவையொன்று பாடிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லை இருமுறை, மும்முறை சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகும் குழந்தையைப் போல, வேறு பறவைகளின் குரல்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அது பாடியது.

கீழே அம்மகன் எழுதியிருந்தார்: “அம்மா, இது குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வரும் குருவியாம். நம் ஊரில் இருக்கிறதா என்று சாமியிடம் கேளுங்கள். இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.”

தாயார் மெல்லச் சொன்னார்: “அவன் ஊருக்கு வந்து மூணு வருஷமாச்சு சாமி. குருவியாவது வருதே.”

நாம் மறுமொழி கூற இயலாது, தேடிப் பார்ப்பதாக மட்டும் வாக்களித்தோம்.

அக்குருவிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘பிளைத்தின் நாணல் கதிர்க்குருவி’ என்பது. முதுகு மண்ணிறம், வயிறு மங்கிய வெண்மை, கண்ணுக்கு மேலே தெரிந்தும் தெரியாததுமாக ஒரு வெளிறிய கோடு. அழகென்று சொல்ல அதனிடம் ஒன்றும் இல்லை. பின்லாந்து, பால்டிக் நாடுகள் முதல் இரஷ்யாவின் சைபீரியப் பகுதிவரை அது கூடு கட்டுகிறது. குளிர்காலத்தை நம் நாட்டிலும் இலங்கையிலும் கழிக்கிறது. தென் பின்லாந்திலிருந்து நம் ஊர், நேர்க்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் தொலைவு. ஒன்றரைப் பவுன் எடையுள்ள உயிர் ஆண்டுக்கு இருமுறை இத்தொலைவைக் கடக்கிறதென்றால் வியவாதிருப்பது எங்ஙனம்?

ஐப்பசி மழை பெய்து குளத்தில் நீர் ஏறியபின் தேடலைத் தொடங்கினோம். நம் பங்கில் திருமண வீடுகளில் படமெடுக்கும் தம்பி ஒருவர் தம் பெரிய கேமராவுடன் உடன்வந்தார். பெயரில் நாணல் இருக்கிறதன்றோ? ஆகவே வைகறைத் திருப்பலி முடிந்ததும் நேரே மடையருகே சென்று, சம்பங்கோரை அடர்ந்த ஓரத்தில் நின்றோம். நீலத் தாழைக்கோழிகள் நடந்தன. நீர்க்காகங்கள் சிறகு உலர்த்தின. தேடிவந்த குருவியைக் காணவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் இன்னும் சற்று நெருங்கலாமென்று சேற்றில் கால் வைத்து, முழங்கால்வரை அமிழ்ந்து, தம்பி கை கொடுத்துத் தூக்கிவிடக் கரையேறினோம்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் இதையெல்லாம் கண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு, “என்ன சாமி தேடுதீய?” என்று கேட்டார். விவரம் சொன்னோம்.

“அதுவா? கல்லோட கல்லத் தட்டுன மாதிரி ‘டக்... டக்’குன்னு கத்துமே! அது சம்புக்குள்ள எங்க இருக்கு? அந்தா அந்த முள்ளுக்குள்ளதான். ஐப்பசி வாக்குல வரும், சித்திரையில போயிரும். இத்தினிக்கும் ஆளு கண்ணுல படாது” என்றார்.

அவர் கைநீட்டிய இடத்தைப் பார்த்ததும் நமக்குச் சுருக்கென்றது. அது நம் பங்கிற்குச் சொந்தமான சிறு நிலம். உடைமரமும் சங்கஞ்செடியும் ஈச்சம்புதரும், அவற்றின்மேல் கோவைக்கொடியும் படர்ந்து, நடுவே சீமைக் கருவேலும் மண்டிக்கிடக்கும் இடம். திருவிழா நாட்களில் வண்டிகள் நிற்பதற்காகப் பொங்கல் கழிந்ததும் ஜேசிபி கொண்டு அதனை முற்றாக அழிப்பதென்று பங்குப் பேரவையில் தீர்மானித்திருந்தோம். “வெறும் முட்காடு” என்று தீர்மானத்தில் எழுதியவர் நாமே.

அன்றிரவு அக்குருவியின் அறிவியற்பெயரைத் தேடிப் பார்த்தோம். அதன் இரண்டாம் சொல் ‘தூமெத்தோரும்’ என்றிருந்தது. குருமடத்தில் கற்ற இலத்தீன் நமக்கு இவ்வளவு தாமதமாகக் கைகொடுக்குமென்று எண்ணியதில்லை. அச்சொல்லின் பொருள், ‘முட்புதர்களின்’ என்பதே! ஆங்கிலப் பெயரை நம்பி மூன்று நாட்கள் சேற்றில் நின்றோம். உண்மையோ இலத்தீன் பெயரிலும் ஆடு மேய்க்கும் அம்மையாரின் செவியிலும் இருந்தது.

அப்பெயரை 1849-இல் இட்டவர் எட்வர்ட் பிளைத் என்பவர். 1841 முதல் 1862 வரை கல்கத்தா ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தைக் காத்துவந்தவர். ஆகவே இக்குருவி அறிவியலில் பெயர் பெற்றது வடநாட்டுச் சதுப்பில் அன்று, நம் நாட்டில்தான்.

நான்காம் நாள் முட்புதருக்கு எதிரே, பத்தடி தள்ளி, பனைமர நிழலில் அமர்ந்தோம். சற்று நேரத்தில் ‘டக்’ என்று ஒலித்தது. தறியில் நாடா தட்டும் ஓசைக்குப் பழகிய காதுக்கு அது எளிதில் தப்பிவிடும். திருமண வீட்டில் “இங்கே பாருங்கள்” என்று சொல்லிப் பழகிய தம்பிக்குப் பொறுமை கெட்டது. கைப்பேசியில் அக்குருவியின் பாட்டை ஒலிக்கச் செய்தால் வெளியே வருமென்றார். நாம் வேண்டாமென்று தடுத்தோம். தன் எல்லைக்குள் பகைவன் வந்துவிட்டானென்று எண்ணி அது அலைமோதும். இரை தேடவேண்டிய வலிமையை வீணே செலவழிக்கும். ஒரு படத்துக்காக அதனை ஏமாற்றுவது முறையன்று எனக் கூறினோம்.

அன்று கிடைக்கவில்லை. மறுநாளும் இல்லை. ஆறாம் நாள் காலை, வெயில் புதரின்மேல் ஏறும் வேளையில், கோவை இலைகளுக்கு இடையே ஒரு சிறு அசைவு. நீண்ட அலகு, மண்ணிற முதுகு. இலையின் அடியிலிருந்து ஒரு பூச்சியைக் கொத்தியது, வாலைச் சற்றே விரித்தது, நம்மை ஒருமுறை நோக்கியது, மறைந்தது. தம்பியின் கேமராவில் பதிந்தது பதினோரு நொடிகள். ஆறு நாட்களுக்குப் பதினோரு நொடிகள்! ஆயினும் அத்தம்பி, எந்தத் திருமணப் படத்துக்கும் தாம் இவ்வளவு மகிழ்ந்ததில்லை என்றார்.

இதன்பின் அக்குருவியைப் பற்றி நாம் மேலும் படித்தறிந்தவை நம் எண்ணத்தையே மாற்றின. வடநாட்டுக்கு அது சென்று சேர்வது மே மாத இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோதான், ஆகஸ்டில் புறப்பட்டுவிடும். அங்கே ஏறத்தாழ மூன்று மாதம். இங்கே ஆறேழு மாதம். இவ்வளவு தொலைவு பறந்து தேய்ந்த இறகுகளை உதிர்த்து, முதிர்ந்த பறவைகள் புதிய இறகுகளைப் பெறுவதும் நம் நாட்டில்தான். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் செய்வதுபோலப் பறவைகளின் காலில் இலேசான வளையம் பூட்டி விடுவிக்கும் முறை உண்டு. அம்முறையால், இத்தகைய குருவிகள் சென்ற ஆண்டு தங்கிய அதே புதருக்குத் திரும்பி வருவதையும் அறிஞர் கண்டுள்ளனர்.

நம் மாவட்டங்களின் மலையிலேயே இத்தகைய ஆய்வு நடந்துள்ளது. 1990-களில் மதுசூதன் கட்டி, டிரெவர் பிரைஸ் ஆகிய அறிஞர்கள் களக்காடு-முண்டந்துறைக் காட்டில், இதன் உறவினமான இலைக் கதிர்க்குருவிகளை ஆராய்ந்தனர். மழைக்கும், அதனால் பெருகும் பூச்சிகளுக்கும், வடக்கேயிருந்து வந்து தங்கும் அக்குருவிகளின் உடல்நிலைக்கும் உள்ள தொடர்பே அவர்கள் ஆராய்ந்த பொருள். நம் ஐப்பசி மழை நம் நெல்லுக்கு மட்டும் பெய்வதன்று என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

அப்படியாயின் யார் விருந்தினர்? பின்லாந்துக்கன்றோ அது விருந்தாகச் சென்று வருகிறது! நம் முட்புதரின் பூச்சியை உண்டு வளர்ந்த இறகால்தான் அந்த நள்ளிரவு வெளிச்சத்தில் பறந்து திரிகிறது. நாம் “வெறும் முட்காடு” என்று எழுதியது அதன் வீட்டை.

கார்த்திகைக் கூட்டத்தில் இதனைப் பேரவை முன் வைத்தோம். பதினோரு நொடிப் படத்தையும் காட்டினோம். எல்லாரும் உடனே இசைந்துவிடவில்லை. ஒரு பெரியவர், “சீமைக் கருவேலை அகற்றத்தானே எல்லாரும் சொல்கிறார்கள்?” என்றார். அது நியாயமான கேள்வி. இன்னொருவர், “ஒரு குருவிக்காக நம் பிள்ளைகள் வண்டியை வெயிலில் நிறுத்துவதா?” என்றார். அதுவும் நியாயமானதே. பின்லாந்தில் நாட்டின் மூன்றில் ஒரு பங்கு சதுப்பாக இருந்தது. அதில் பாதியளவை மரம் வளர்ப்பதற்காக வடிகால் வெட்டி உலர்த்திவிட்டனர். அவர்களுக்கும் அன்று நியாயமான காரணம் இருந்திருக்கும். இதையும் எடுத்துச் சொன்னோம்.

நெடுநேரம் பேசியபின் முடிவு இவ்வாறாயிற்று: நிலத்தின் சாலைப் பக்கம் வண்டிகளுக்கு. குளத்தங்கரையை ஒட்டிய பாதி புதருக்கு. அதிலும் சீமைக் கருவேலை மட்டும், குருவிகள் புறப்பட்டபின் சித்திரைக் கடைசியில், ஆட்களைக் கொண்டு வேரோடு களைவது. உடையும் சங்கஞ்செடியும் ஈச்சமும் நிற்பது. இடம் குறைந்ததில் சிலருக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. அதனை நாம் மறைக்கவில்லை.

படத்தை அத்தாயாருக்கு அனுப்பினோம். மூன்றுமுறை பார்த்தாராம். பிறகு ஒருநாள் அவரே குளத்தங்கரைக்கு வந்து, பனையடியில் நம்மோடு அமர்ந்து, ‘டக்’ என்னும் ஒலியைக் கேட்டார். “இவ்வளவுதானா சாமி? அங்கே அப்படிப் பாடுச்சே!” என்றார். இங்கே அது பெரும்பாலும் பாடுவதில்லை. உண்டு உறங்கி உடலைத் தேற்றிக்கொள்ளும் காலம் இது என்று சொன்னோம். “வீட்டுக்கு வந்த பிள்ளையும் அப்படித்தானே இருக்கும்” என்று சொல்லி அவர் எழுந்தார்.

இக்கட்டுரை எழுதும் இம்மாசி மாதத்திலும் அது அங்கேயே இருக்கிறது. வாசக அன்பர்களே, உங்கள் ஊர்க் குளத்தங்கரையிலும் எவரும் பொருட்படுத்தாத ஒரு புதர் இருக்கும். அதனை வெட்டுமுன் ஒரு காலைப்பொழுது அதன் எதிரே அசையாது அமர்ந்து பாருங்கள். ஆடு மேய்ப்பவர் அருகில் இருந்தால், முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள். நம்மைப்போலச் சேற்றில் அமிழ வேண்டியிராது.