மாமன் பெயர் வெட்டுப்பட்ட பத்திரிகை

பேத்தியின் காதணி விழாப் பத்திரிகையை நானே கணினியில் அடித்துத் தருகிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். சர்வீஸ் முழுக்கக் கோப்பு எழுதியவனுக்கு ஒரு பத்திரிகை பெரிதா என்ற நினைப்புதான்.

வேர்டில் அடித்துக் கோவையில் ஓர் அச்சகத்துக்கு அனுப்பினேன். வந்த மாதிரியில் மருமகளின் ஊரான 'பொங்கலூர்' சிதறிக் கிடந்தது. கொம்பு பகரத்துக்குப் பின்னால் நின்றது. நான் அடித்தது யூனிகோடு. அதில் முதலில் ப, பிறகு ஒகரக் குறி என்று ஒலி வரிசையில் பதிவாகும். பழைய எழுத்துருக்களிலோ கொம்பு, ப, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசை. அந்தக் காலத்து மென்பொருளுக்கு யூனிகோடு புரியாது. 2010 ஜூனில் இதே கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான் அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது. அரசாணை நடக்கிற வேகம் எனக்குத் தெரியாததா!

எழுத்துருவை உள்ளே பொதித்து பிடிஎஃப் ஆக அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். எழுத்து சரியாக வந்தது. போனிலேயே "சரி, அடிச்சிருங்க" என்றேன். அதுதான் நான் செய்த தப்பு.

400 பத்திரிகை வந்தது. மருமகள் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "எங்கண்ணன் பேரு எங்கீங்க மாமா?" என்றாள். கடைசி வரி பாதி இல்லை. மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துகிற விழாவில் மாமன் பெயரே இல்லை.

தாளைக் கட்டாக அடுக்கி வெட்டும்போது கத்தி ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் நகரத்தான் செய்யும். அதனால் பின்னணி நிறத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே நாலு பக்கமும் 3 மி.மீ. நீட்ட வேண்டும். எழுத்தைக் குறைந்தது 5 மி.மீ. உள்ளே தள்ள வேண்டும். நான் விளிம்பிலேயே வைத்திருந்தேன். இந்த நீட்டலுக்குப் பிரெஞ்சில் 'ஃபோன் பெர்து' என்று பெயர், 'இழந்துபோகும் பின்னணி'. சின்ன வயதில் படித்த பாஷை, வார்த்தை தெரிந்தும் புத்தி வரவில்லை.

மறுபடி என் செலவில் அடித்தோம். குழந்தையின் படத்தையும் மாற்றினேன். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்ததை விட்டுவிட்டு, 300 டிபிஐ வருகிற மூலப் படத்தைக் கொடுத்தேன். திரையில் பளிச்சென்ற கிளிப்பச்சை தாளில் மங்குவதையும் முன்பே பார்த்துக்கொண்டேன். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சுக்கு நாலு மைதானே.

இந்தத் தடவை நேரில் போய், தாளில் ஸ்கேல் வைத்து அளந்து, வரி வரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்துக்கும் பிரெஞ்சில் ஒரு பெயர் உண்டு, 'பொன் ஆ திரே', அச்சிடலாம் என்று அர்த்தம்.

முதல் பத்திரிகையைப் பொங்கலூருக்கு நானே கொண்டுபோனேன். மருமகளின் அண்ணன் கடைசி வரியைத்தான் முதலில் பார்த்தார்.